காய்ச்சலுக்குப் பிறகு கொட்டும் முடி: ஐப்பசியிலிருந்து ஆடி வரை ஒரு முழுமையான வழிகாட்டி

ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வாய்க்காலும் வயலும் ஒன்றாகிக் கிடக்கும் நாட்களில், கும்பகோணம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கத்துத் தெருக்களில் காய்ச்சலில் படுப்பவர்கள் அதிகம். டெங்கு, சிக்குன்குனியா, ஃப்ளூ, கொரோனா என்று பெயர் மாறினாலும் உடம்பு படும் பாடு ஏறக்குறைய ஒன்றுதான். காய்ச்சல் விட்டு, கைகால் குடைச்சல் அடங்கி, நாக்கில் ருசி திரும்பி, வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு, பொங்கலை ஒட்டித் தலைமுடி கொத்துக் கொத்தாக வரத் தொடங்கும். அந்த நேரத்தில் பெரும்பாலும் யாருக்கும் ஐப்பசிக் காய்ச்சல் நினைவுக்கு வருவதில்லை. போர் தண்ணீர் உப்பு என்பார்கள், ஷாம்பூவை மாற்றியதால் என்பார்கள், கண் பட்டுவிட்டது என்று சுற்றிப் போடுவார்கள்.

என் தங்கைக்கு அப்படித்தான் நடந்தது. ஐப்பசிக் கடைசியில் டெங்கு வந்து ஒரு வாரம் மருத்துவமனையில் இருந்தாள். தை பிறந்த சமயத்தில் ஒரு நாள் காலை, ஜன்னல் வெளிச்சத்தில் ஒற்றை முடியை விரலில் பிடித்துக்கொண்டு, "அக்கா, இதைப் பாரேன், வேரோட வருது" என்றாள். முடியின் அடிமுனையில் கடுகில் பாதியைவிடச் சிறியதாக ஒரு வெள்ளைப் புள்ளி இருந்தது. அவள் பயந்ததெல்லாம் அந்தப் புள்ளியைப் பார்த்துத்தான். அந்தப் புள்ளி என்ன என்பதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால், அடுத்த இரண்டு மாதத்தில் அவள் வாங்கிக் குவித்த எண்ணெய்க்கும் மாத்திரைக்கும் ஆன பணம் மிச்சமாகியிருக்கும். அதைவிட முக்கியமாக, இரவுத் தூக்கம் மிச்சமாகியிருக்கும். அதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதல் படி: நாட்காட்டியைப் பின்னோக்கிப் புரட்டுங்கள்

முடி அதிகமாகக் கொட்டத் தொடங்கியது எந்த வாரம் என்று குறித்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து இரண்டு, மூன்று மாதம் பின்னால் போய், அந்தச் சமயத்தில் கடுமையான காய்ச்சல், அறுவைச் சிகிச்சை, பிரசவம், திடீரென்று பல கிலோ எடை குறைந்தது, வீட்டில் பெரிய துக்கம் என்று ஏதாவது நடந்ததா என்று பாருங்கள். இருந்தால், காரணம் பெரும்பாலும் அதுவாகத்தான் இருக்கும். கொரோனாவுக்குப் பிறகு ஒன்றரை மாதத்திலேயே கொட்டத் தொடங்கியவர்களும் உண்டு. 2021 மே மாத அலையில் படுத்து எழுந்த பலர் ஆடி மாதத்தில் சீப்பைப் பார்த்துத் திகைத்ததற்குக் காரணம் இந்த இடைவெளிதான்.

இந்த இடைவெளியை நம் பாட்டிமார் வேறொரு இடத்தில் கவனித்து வைத்திருந்தார்கள். குழந்தை முகம் பார்த்துச் சிரிக்கத் தொடங்கினால் தாய்க்கு முடி கொட்டும் என்று சொல்வது வழக்கம். குழந்தை நன்றாக முகம் பார்த்துச் சிரிக்கும் வயது இரண்டு மூன்று மாதம். பிரசவம் முடிந்து தாயின் முடி உதிரத் தொடங்குவதும் அதே சமயம். சிரிப்புக்கும் முடிக்கும் தொடர்பில்லை என்றாலும், அவர்கள் கணக்கிட்ட காலம் துல்லியமானது. காய்ச்சலுக்கும் இதே கணக்குதான்.

இது ஏன் இவ்வளவு தாமதமாக நடக்கிறது என்பதைப் புரிந்துகொண்டால் பாதிப் பயம் போய்விடும் என்பதால், சற்று விரிவாகச் சொல்கிறேன். தலையில் ஏறக்குறைய ஒரு லட்சம் முடிகள் உள்ளன. ஒவ்வொன்றும் தனித்தனிக் கணக்கில் வளர்கிறது. வளர்ச்சிப் பருவம் இரண்டிலிருந்து ஆறு ஆண்டு வரை நீடிக்கும். பிறகு இரண்டு மூன்று வாரம் ஒரு மாற்றப் பருவம். அதன் பிறகு சுமார் மூன்று மாதம் ஓய்வுப் பருவம். ஓய்வு முடிந்ததும் பழைய முடி விழுந்து, அதே குழியிலிருந்து புதியது கிளம்பும். சாதாரணமாக நூற்றுக்குப் பத்து முடி ஓய்வில் இருக்கும் என்று வைத்துக்கொண்டால், பத்தாயிரம் முடிகள் நூறு நாளில் விழ வேண்டும்; அதாவது நாளொன்றுக்கு நூறு. ஐம்பதிலிருந்து நூறு முடி வரை தினமும் உதிர்வது இயல்பு என்று மருத்துவர்கள் சொல்வதன் பின்னால் இருப்பது இந்தக் கணக்குதான்.

டெல்டாக்காரர்களுக்கு இதை வயலைக் கொண்டே சொல்லலாம். ஒரு ஊரில் எல்லா வயலிலும் ஒரே நாளில் நடவு நடப்பதில்லை. ஒருவர் முந்தி நடுவார், ஒருவர் பிந்தி நடுவார், அதனால் அறுப்பும் பிரிந்து பிரிந்து வரும். தலைமுடியும் அப்படிப் பிரிந்து விழுவதால்தான் நமக்குத் தெரிவதில்லை. கடுங்காய்ச்சலின்போது உடம்பில் சுரக்கும் அழற்சிப் பொருள்கள், இன்னும் பல ஆண்டு வளர வேண்டிய முடிகளில் ஒரு பெரும் பங்கை ஒரே சமயத்தில் ஓய்வுப் பருவத்துக்குத் தள்ளிவிடுகின்றன. ஓய்வுக்குப் போன முடி அன்றே விழாது. இரண்டு மூன்று மாதம் தலையிலேயே இருந்துவிட்டு, பிறகு எல்லாமாகச் சேர்ந்து விழும். ஊரில் உள்ள எல்லா வயலும் ஒரே வாரத்தில் அறுப்புக்கு வந்தது போல. நூற்றுக்கு முப்பது முடி ஓய்வுக்குப் போயிருந்தால் அதே கணக்குப்படி நாளுக்கு முந்நூறு முடி விழும். இதற்கு டெலோஜன் எஃப்ளூவியம் என்று பெயர். அமெரிக்கத் தோல் மருத்துவர் ஆல்பர்ட் கிளிக்மன் 1961இல் இந்தப் பெயரை வைத்தார். மருத்துவர் சீட்டில் இந்தச் சொல்லை எழுதினால் புதிய நோய் ஏதோ வந்துவிட்டது என்று கலங்க வேண்டாம்.

இரண்டாம் படி: விழுந்த முடியைப் பாருங்கள்

தரையில் கிடப்பதை உடனே பெருக்கித் தள்ளாமல், நாலைந்து முடியை எடுத்து ஒரு கறுப்புத் துணியில் வைத்து வெளிச்சத்தில் பாருங்கள். தலைப்பக்கத்து முனையில் குண்டூசித் தலை போல ஒரு வெள்ளைக் குமிழ் தெரிந்தால், அது ஓய்வுப் பருவம் முடிந்து தானாக விழுந்த முடி. என் தங்கை வேர் என்று பயந்தது இந்தக் குமிழைத்தான். முடியை உண்டாக்கும் வேர்ப்பை தோலுக்குள் பத்திரமாகவே இருக்கிறது. இது முடியின் இறுகிப்போன அடிமுனை மட்டுமே. குமிழே இல்லாமல் பாதியில் ஒடிந்தது போல இருந்தால், அது உதிர்வதில்லை, முறிவது. உப்புத் தண்ணீர், சூடான இஸ்திரி, நேராக்கும் ரசாயனம், ஈரத்தில் இழுத்துச் சீவுவது ஆகியவற்றை அப்போது சந்தேகிக்கலாம். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளில் போர் தண்ணீர் உவர்ப்பாக இருப்பதால் முடி வறண்டு சிக்காவது உண்மை. ஆனால் ஆண்டுக்கணக்காக அதே தண்ணீரில் குளிப்பவருக்குத் திடீரென்று ஒரு மாதமாக நாளுக்கு முந்நூறு முடி கொட்டினால், தண்ணீரைக் குற்றம் சொல்வதில் பொருளில்லை.

அடுத்து, ஒரு சிறு சோதனை. தலைக்குக் குளித்து ஒரு நாள் ஆன பிறகு, ஐம்பது அறுபது முடி வரும்படி ஒரு மெல்லிய கற்றையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் இடையில் பிடித்து, அடியிலிருந்து நுனிவரை மெதுவாக உருவுங்கள். ஒன்றிரண்டு வந்தால் இயல்பு. ஐந்தாறுக்கு மேல் வந்தால் உதிர்வு நடந்துகொண்டிருக்கிறது என்று பொருள். உச்சி, பிடரி, இரண்டு பக்கம் என நாலு இடத்தில் ஒருமுறை பார்த்தால் போதும். தினமும் இதைச் செய்தால் கவலைதான் வளரும்.

மூன்றாம் படி: தலைத்தோலைப் பார்த்து, வேறு எதுவும் இல்லையென்று உறுதி செய்யுங்கள்

இந்தப் படியைப் பலர் தாண்டிப் போய்விடுகிறார்கள். நான் மிகவும் வலியுறுத்துவது இதைத்தான். காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு தலை முழுவதும் பரவலாக நடக்கும். பின்னல் மெலியும், வகிடு சற்று அகலும், நெற்றிப்பொட்டின் இருபுறமும் குறையும். ஆனால் தோல் சாதாரணமாகவே இருக்கும். பொதுவாகத் தலைமுடியில் பாதிக்கு மேல் போகாது, வழுக்கையாகவும் ஆக்காது. வீட்டில் ஒருவரை வெளிச்சத்தில் உட்காரச் சொல்லி, வகிடு வகிடாகப் பிரித்துப் பாருங்கள்.

நாணயம் அளவில் வட்டமாக வழவழவென்று ஒரு திட்டு இருந்தால் அது புழுவெட்டாக இருக்கலாம். அதற்குச் சின்ன வெங்காயத்தைத் தோல் சிவக்கத் தேய்ப்பது நம் ஊரில் பழக்கம்; புண்ணாக்கிக்கொள்ளாமல் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. திட்டில் செதிலும் அரிப்பும் ஒடிந்த முடியும் இருந்தால், அதுவும் குழந்தைகளுக்கு இருந்தால், பூஞ்சைப் படையாக இருக்கும். அதற்கு உள்ளுக்குச் சாப்பிடும் மருந்து வேண்டும், களிம்பு மட்டும் போதாது. தோல் சிவந்து, சீழ் வைத்து, வலித்து, அல்லது முடிக்குழியே தெரியாமல் தழும்பு போல மின்னினால் ஒரு வாரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம், ஏனென்றால் தழும்பான இடத்தில் முடி திரும்ப முளைக்காது. பூச்சி அரித்தது போல ஆங்காங்கே முடி குறைந்து, உடம்பிலும் உள்ளங்கையிலும் தடிப்பு இருந்தால், கூச்சப்படாமல் பால்வினை நோய்க்கான ரத்தப் பரிசோதனை கேட்டுச் செய்துகொள்ளுங்கள்.

ஆண்களுக்கு ஒரு குறிப்பு. அப்பா, தாத்தா வழியில் வரும் முன்வழுக்கை ஏற்கெனவே மெல்லத் தொடங்கியிருந்தால், காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு அதை வெளியே காட்டிக்கொடுத்துவிடும். அப்போது உதிர்வு நின்றாலும் முன்பக்கம் பழையபடி நிறையாது. அது காய்ச்சலின் குறை இல்லை. அதற்குத் தனிச் சிகிச்சை உண்டு.

நான்காம் படி: எப்போது, எங்கே, என்ன சொல்லிக் காட்டுவது

காய்ச்சல் வந்த தேதி தெரிந்து, தோல் சுத்தமாக இருந்து, வேறு தொந்தரவு இல்லாவிட்டால் உடனே ஓட வேண்டிய அவசியமில்லை. ஆனால் அசதி தீரவில்லை, மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது, மாதவிலக்கு அதிகமாகப் போகிறது, எடை காரணமில்லாமல் ஏறுகிறது அல்லது இறங்குகிறது, உதிர்வு ஆறு மாதத்தைத் தாண்டியும் நிற்கவில்லை என்றால் போக வேண்டும். தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளுக்கோ, பக்கத்தில் உள்ள தோல் மருத்துவரிடமோ போகலாம். முதலில் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஹீமோகுளோபின் பார்த்துக்கொண்டு போனாலும் சரி.

போகும்போது ஒரு தாளில் மூன்று விஷயங்களை எழுதிக்கொண்டு போங்கள்: காய்ச்சல் வந்த தேதியும் எத்தனை நாள் இருந்தது என்பதும், முடி கொட்டத் தொடங்கிய வாரம், இப்போது சாப்பிடும் எல்லா மாத்திரைகளின் பெயர். கடைசியாகச் சொன்னது முக்கியம், ஏனென்றால் வலிப்பு, ரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கான சில மருந்துகளும், ரத்தம் உறையாமல் தடுக்கும் சில மருந்துகளும் முடி உதிர்வை உண்டாக்கக்கூடியவை. அதைக் கேள்விப்பட்டு நீங்களாகவே எதையும் நிறுத்திவிடக் கூடாது. ரத்தத்தில் பொதுவாக ஹீமோகுளோபின், இரும்புச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டி.எஸ்.எச். ஆகியவற்றைப் பார்ப்பார்கள், தேவைப்பட்டால் வைட்டமின் டி, பி12. ஹீமோகுளோபின் சரியாக இருக்கும்போதே ஃபெரிட்டின் குறைந்திருப்பது பெண்களிடம் சாதாரணமாகக் காணப்படும். அதனால் அதைத் தனியாகக் கேளுங்கள்.

ஐந்தாம் படி: பத்தியத்தை முடித்துக்கொண்டு, சாப்பிடுங்கள்

காய்ச்சல்காரருக்குக் கஞ்சி, ரசம் சாதம், இட்லி என்று கொடுப்பது நம் வழக்கம். அது காய்ச்சல் இருக்கும்வரை சரி. காய்ச்சல் விட்ட பிறகும் "உடம்பு தேறட்டும்" என்று மாதக்கணக்கில் அதே பத்தியத்தில் வைப்பதுதான் தவறாகிவிடுகிறது. முடி என்பது கெரட்டின் என்னும் புரதம். உடம்பு தேறுவதற்கே புரதம் போதாதபோது முடிக்கு எங்கிருந்து கிடைக்கும்? ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 0.8 முதல் 1 கிராம் புரதம் வேண்டும். 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 44 முதல் 55 கிராம். சோறு நூறு கிராமில் இரண்டரை கிராம் அளவுக்குத்தான் புரதம் இருக்கிறது. ஒரு முட்டையில் ஆறு கிராம், மீன் நூறு கிராமில் பதினெட்டு கிராமுக்குக் குறையாமல், உலர்ந்த உளுந்து நூறு கிராமில் இருபத்துமூன்று கிராமுக்குமேல்.

நல்ல வேளையாக, சம்பா அறுப்பை ஒட்டி நம் வயல்களில் விதைக்கும் உளுந்தும் பயறும் வீட்டுக்கு வரும் காலமும் இந்த முடி கொட்டும் காலமும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன. உளுந்தங்களி, முளைகட்டிய பயறு, வறுத்த கடலை, எள்ளுருண்டை, கெட்டிப் பருப்பு ஆகியவற்றில் ஏதாவது ஒன்று ஒவ்வொரு வேளையும் இலையில் இருக்கட்டும். அசைவம் சாப்பிடுபவர்களுக்கு மத்தி, விரால், ஆட்டு ஈரல் எல்லாம் புரதத்தோடு எளிதில் உடம்பில் சேரும் இரும்பையும் தருகின்றன. கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்பு அவ்வளவு எளிதாகச் சேராது. எலுமிச்சை பிழிந்தோ நெல்லிக்காயோடோ சாப்பிட்டால் கூடுதலாகச் சேரும். சாப்பிட்ட கையோடு டிகிரி காபியோ டீயோ குடிப்பது அந்த இரும்பைத் தடுத்துவிடும் என்பதால், ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடியுங்கள். கும்பகோணத்தில் இதைச் சொல்வது எவ்வளவு கடினம் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

ஆறாம் படி: தலைக்குக் குளிப்பதை நிறுத்தாதீர்கள்

முடி கொட்டுகிறது என்று பயந்து பத்து நாள் தலைக்குத் தண்ணீர் ஊற்றாமல் இருப்பார்கள். விழ வேண்டிய முடி அந்தப் பத்து நாளும் மற்ற முடிக்குள் சிக்கிக்கொண்டிருந்து, பதினோராம் நாள் ஒரு கைப்பிடியாக வரும். பார்ப்பவருக்கு உயிரே போய்விடும். வாரம் இரண்டு முறை, வியர்வை அதிகமானால் மூன்று முறை, பழகிய சீயக்காயோ மென்மையான ஷாம்பூவோ போட்டுக் குளியுங்கள். குளிப்பதால் எந்த முடியும் கூடுதலாக விழுவதில்லை.

எண்ணெய் வைக்கலாம், தேங்காய் எண்ணெய் முடித்தண்டைக் காத்து முறிவைக் குறைக்கும். உதிர்வை நிறுத்தும் வேலை அதற்கு இல்லை. பலம் கொண்ட மட்டும் தேய்த்து விடுவதால் ஓய்வில் இருக்கும் முடி சீக்கிரம் கழலும், அவ்வளவே. பல் அகன்ற சீப்பால் முதலில் நுனியில் சிக்கெடுத்து, பிறகு மேலே போங்கள். இறுக்கிப் பின்னி, கனமான சரத்தை ஒரே இடத்தில் தொங்கவிடுவதைச் சில மாதம் தவிர்க்கலாம். தங்கைக்கு அப்போது ரப்பர் பேண்டு மூன்று சுற்றுக்குப் பதில் ஐந்து சுற்று போக வேண்டியிருந்தது; மல்லிகைச் சரம் பின்னலில் நிற்காமல் வழுக்கிக்கொண்டே இருக்கும். வைத்த பூ நிற்கவில்லையே என்று அவள் அழுத அழுகையை நான் சின்ன விஷயம் என்று சொல்லமாட்டேன். வீட்டில் உள்ளவர்களும் சொல்லக் கூடாது.

வைத்தீஸ்வரன் கோயிலுக்கோ வேளாங்கண்ணிக்கோ முடி காணிக்கை நேர்ந்துகொண்டிருந்தால் தாராளமாகச் செலுத்துங்கள். மொட்டை போட்டால் அடர்த்தியாக முளைக்கும் என்பதற்காக மட்டும் போட வேண்டாம். சவரம் தோலுக்கு மேலே உள்ள முடியைத்தான் வெட்டுகிறது. வேர்ப்பைக்கு அது தெரியாது. வெட்டுப்பட்ட முனை மழுங்கலாக இருப்பதால் கைக்குத் தடிப்பாகத் தோன்றுகிறது.

ஏழாம் படி: மருந்தில் அவசரம் வேண்டாம்

குறைபாடு இருப்பது பரிசோதனையில் தெரிந்தால் அதற்கான மருந்தைச் சரியாகச் சாப்பிடுங்கள். குறைபாடு இல்லாமல் விழுங்கும் சத்து மாத்திரைகளால் உதிர்வு நிற்பதில்லை. வைட்டமின் ஏ, செலினியம் இரண்டும் அளவு மீறினால் அவையே முடியைக் கொட்ட வைக்கும். தங்கைக்கு ஒரு கடையில் மூன்று மாதத்துக்கென்று பெரிய அளவு பயோட்டின் கொடுத்தார்கள். பயோட்டின் குறைபாடு அபூர்வம். அதோடு, அதிக அளவு பயோட்டின் தைராய்டு, மாரடைப்பு தொடர்பான சில ரத்தப் பரிசோதனைகளின் முடிவைத் தவறாகக் காட்டக்கூடும். சாப்பிடுகிறீர்கள் என்றால் ரத்தம் கொடுப்பதற்கு முன்னால் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள்.

மினாக்ஸிடில் என்னும் தடவும் மருந்தை மருத்துவர் சிலருக்கு எழுதித் தருவார். காய்ச்சலுக்குப் பிந்தைய உதிர்வு தானே சரியாகக்கூடியது என்பதால் எல்லோருக்கும் அது தேவைப்படாது. தொடங்கிய முதல் சில வாரங்களில் உதிர்வு கூடுதலாகத் தெரியும் என்பதை முன்பே அறிந்திருங்கள். கர்ப்பிணிகளும் பாலூட்டும் தாய்மாரும் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

எட்டாம் படி: மாதம் ஒரு படம்

தினமும் எண்ணுவதை விட்டுவிட்டு, மாதம் ஒருமுறை, ஒரே ஜன்னல் அருகில், ஒரே பக்கமாக வகிடெடுத்து, கைபேசியில் ஒரு படம் எடுத்து வையுங்கள். ஐப்பசியில் காய்ச்சல் என்றால் தையில் தொடங்கும் உதிர்வு மாசி, பங்குனியில் உச்சத்துக்குப் போய், சித்திரை, வைகாசியில் அடங்குவது பொதுவான போக்கு. அடங்குவதற்கு முன்பே நெற்றியோரத்தில் பூனை முடி போலச் சிறு முடிகள் நிமிர்ந்து நிற்கும். அவற்றை ஒடிந்த முடி என்று நினைத்துச் சிலர் எண்ணெய் தடவி அழுத்திச் சீவுகிறார்கள். நுனி கூராக இருந்தால் அது புதிதாக முளைத்தது. ஆறு மாதமாகியும் படங்களில் மாற்றம் தெரியாவிட்டால், அந்தப் படங்களையே மருத்துவரிடம் காட்டுங்கள்.

முடி மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆகவே அடர்த்தி கண்ணுக்குத் திரும்பத் தெரிய ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஆகும். இடுப்பளவுப் பின்னலின் அடிப்பகுதி பழைய பருமனுக்கு வர நாலைந்து ஆண்டு பிடிக்கும். அதுவரை மெலிந்த நுனியைத் தூக்கிக்கொண்டு திரிய விருப்பமில்லாதவர்கள் தோள் வரை வெட்டிக்கொள்ளலாம். பார்வைக்கு அடர்த்தியாக இருக்கும். தங்கை அப்படித்தான் வெட்டிக்கொண்டாள். ஆடிப்பெருக்கன்று அரசலாற்றுப் படித்துறையில் தலை துவட்டும்போது, அவள் நெற்றியைச் சுற்றி நாலு சென்டிமீட்டருக்குப் புது முடி சிலுப்பிக்கொண்டு நின்றது. எவ்வளவு வாரியும் அது படியவே இல்லை.